ரெண்டு தரத்தோடு நிற்கும் அக்கா

இப்போது நான் போகும் பங்குக் கோவிலில் அந்தோனியார் திருநாள் ஏலம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கோட் போட்ட ஓர் இளைஞர் வந்து மைக்கைப் பிடிக்கிறார், ஒருதரம் ரெண்டுதரம் மூண்டுதரம் என்று ஒரே மூச்சில் சொல்கிறார், பூசணிக்காய் போய்விடுகிறது. எல்லோருக்கும் நல்ல சந்தோசம். எனக்கு மட்டும் வயிறு எரியும். கையைத் தூக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பூசணிக்காய் யாரோ ஒருவரின் கார் டிக்கிக்குள் இருக்கும்.

லண்டன் நோர்பரியில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஏலம் கூறியவர், பங்கே அக்கா என்று கூப்பிட்ட ஒரு மனுசி. நேர்ந்து கொண்டுவரும் சாமான்கள் அங்கேயும் இவ்வளவுதான்: வீட்டுப் பின்வளவில் காய்த்த பூசணி, வாழைக்குலை, கேக், ஊரிலிருந்து யாரோ ஓலைக் குட்டானில் கொண்டுவந்த பனங்கட்டி. நாற்பது சாமானுக்கு மேல் வராது. ஆனால் அக்கா இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கும் மேசையில் ஒரு கேக் மிச்சம் இருக்கும். மண்டபத்தின் பின்னால் சோறு ஆறிப்போய், சமைத்த பெண்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அக்காவின் குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மைக் இல்லாமலே கார் நிறுத்துமிடம்வரை கேட்கும். "ஒருதரம்" என்பார். "ரெண்டுதரம்" என்பார். அத்தோடு நின்றுவிடுவார். மண்டபத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். முன்வரிசையில் இருப்பவர்கள் மூண்டு, மூண்டு என்று கத்துவார்கள். அக்கா அசையமாட்டார்.

"பொறுங்கோ. ஆருக்கோ கை தூக்க மனம் வருது."

பகிடி என்னவென்றால், பாதி நேரம் அது உண்மையாகவே வரும். கதவோரத்தில் நின்ற கிழவி ஒருத்தி கையைத் தூக்குவார். போன மாதம் வேலை போன பெடியன் ஒருவன் ஐந்து பவுண் கூட்டிக் கேட்பான். அக்கா மறுபடியும் ஒருதரத்திலிருந்து தொடங்குவார். ஒருமுறை ஃபாதர் பொறுமை இழந்து, "அம்மா, அந்தோனியாரே எழும்பிப் போய்விடுவார்" என்றார். "அவர் கையில இருக்கிற குழந்தை யேசுவையும் தூக்கிக்கொண்டு அவ்வளவு கெதியாப் போகேலாது, ஃபாதர்" என்றார் அக்கா.

ஏலத்தில் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நோர்பரி பெரிய ரோட்டில் அக்காவுக்கும் அவர் கணவர் அத்தானுக்கும் ஓர் இறைச்சிக்கடை இருந்தது, மேலே வீடு. அத்தான் வெட்டுவார், அக்கா நிறுப்பார். தராசு இரண்டு கிலோவில் சரியாக நின்ற பிறகும் பையைக் கட்டமாட்டார். வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு நெஞ்செலும்பு போடுவார். பிறகு கொஞ்சம் ஈரல் போடுவார். அத்தானோ கடைக் கதவைத் தவிர வேறொன்றையும் திறக்காத மனிதர். அவர் ஒரு நாளில் பேசுவதை ஒரு கடை ரசீதின் பின்புறத்தில் எழுதிவிடலாம்.

வாகனம் ஓட்டும் பரீட்சையில் அக்கா ஐந்து முறை தவறியவர். ஐந்து முறையும் ஒரே காரணம்தான், ரவுண்டபவுட் என்ற சுற்றுவட்டச் சந்தி. வலப்பக்கத்தால் வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். அக்கா அந்த வாகனத்துக்கும் விடுவார், அதற்குப் பின்னால் வருவதற்கும் விடுவார், தூரத்தில் வருவதா விடுவதா என்று யோசிக்கும் வாகனத்துக்கும் விடுவார். கடைசிப் பரீட்சையில் பக்கத்தில் இருந்த அதிகாரி, இப்போது போகலாம் அம்மா என்று இரண்டு முறை சொன்னாராம். மூன்றாவது முறை சொல்லாமல் தாளில் எழுதிவிட்டார்.

"அந்தாள் மூண்டாந்தரமும் சொல்லியிருந்தா எடுத்திருப்பன், தம்பி" என்றார் அக்கா என்னிடம்.

இப்படித்தான் நான் அவருக்குச் சாரதி ஆனேன். எனக்குத் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. செவ்வாய்க்கிழமை ஓய்வு. அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் சந்தை. எங்கட ஆக்களுக்கு இளம் ஆட்டுக்குட்டி சரிவராது, குழம்பில் கரைந்து காணாமல் போய்விடும். முற்றிய பெட்டை மறியாடும் கிடாயும்தான் வேண்டும். வெள்ளைக்காரர் அவற்றைச் சீண்டமாட்டார்கள். ஆகவே லண்டனைச் சுற்றும் பெரிய வீதியைக் கடந்து, கென்ட் பக்கத்து வயல்களுக்கு நடுவே இருந்த ஓர் ஏலக் கொட்டிலுக்கு வாரம்தோறும் போவோம். அக்கா ஆடுகளை வாங்குவார். லொறிக்காரர் அவற்றை அறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார். வியாழக்கிழமை இறைச்சி கடைக்கு வந்துவிடும்.

அதற்கு ஆங்கிலத்தில் என்னென்னவோ பெயர் இருந்தது. அக்கா கொட்டில் என்றுதான் சொல்வார். தகரக் கூரை, பக்கவாட்டில் வரிசையாக ஆடுகளை அடைக்கும் இரும்புப் பட்டிகள், நடுவில் மரத்தூள் பரப்பிய வட்டம், அதைச் சுற்றிப் படிப்படியாக உட்கார மரவாங்குகள். வட்டத்துக்கு மேல் ஒரு பலகை மேடையில் எழுபது வயது தாண்டிய வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நின்று ஏலம் கூறுவார். கையில் ஒரு வளைந்த தடி. விலை முடிந்ததும் தடியால் பலகையில் ஒரு தட்டு. அவருடைய தகப்பனும் பாட்டனும் நின்ற மேடை அது. அவர் கூறும் வேகத்தில் எனக்கு ஓர் எண்கூடப் பிடிபடாது. அக்காவுக்கு எல்லாம் பிடிபடும். ஆட்டின் பல்லையும் முதுகையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று விரலைத் தூக்குவார். மற்றவர்களின் விசயத்தில், ஆடு உட்பட, அக்கா கெட்டிக்காரிதான். தன்னுடைய விசயம் வந்தால்தான் ரவுண்டபவுட்டில் நின்றுவிடுவார்.

அந்தக் கிழவர் அக்காவைக் கவனிக்கத் தொடங்கியது ஒரு தவறால். நாங்கள் போகத் தொடங்கி இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ. ஒரு வயோதிப விவசாயி தனியாக ஒரே ஒரு மறியாட்டைக் கொண்டுவந்திருந்தார். பல் போய், ஒரு பக்கம் உரோமம் உதிர்ந்த ஆடு. அது வட்டத்துக்குள் வந்து நின்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. விவசாயி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா விரலைத் தூக்கினார், பத்துப் பவுண். வேறு கேள்வி இல்லை. கிழவர் தடியை ஓங்கினார். அக்கா மறுபடியும் விரலைத் தூக்கினார்.

கிழவர் தடியை அப்படியே பிடித்துக்கொண்டு, "அம்மா, இப்போது மேலே நிற்பது உங்கள் விலைதான்" என்றார்.

"ஓம், தெரியும்" என்று தமிழிலேயே சொன்ன அக்கா, பதினைந்து என்று காட்டினார்.

"நீங்கள் உங்களுக்கு எதிராகவே கேட்கிறீர்கள்."

"யேஸ் சேர். நொட் இனஃப்" என்ற அக்கா, அதை இருபத்தைந்துவரை கொண்டுபோய் நிறுத்தினார்.

எங்கள் பங்கு ஏலத்தில் இது எல்லோரும் செய்வதுதான். காசு அந்தோனியாருக்குப் போகிறது, நான் கேட்ட விலையை நானே கூட்டினால் யார் என்ன சொல்ல முடியும்? என் மாமா ஒருவர் ஒரு வாழைக்குலைக்கு ஏழு முறை தன்னோடேயே போட்டி போட்டிருக்கிறார். ஆனால் கென்ட் விவசாயிகள் இதைக் கண்டதில்லை. வாங்குகள் அதிரச் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் மரத்தூளுக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்தேன். அந்த வயோதிப விவசாயி மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். ஏலம் முடிந்ததும் மேடைக் கிழவர் இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து எங்களுக்கு அங்கே தேநீர் இலவசம்.

தேநீருக்கு அக்கா பதில் மரியாதை செய்ய வேண்டுமே. அடுத்த வாரம் அத்தானிடம் சொல்லி ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் பொரிப்பித்துக் கொண்டுவந்தார். கால் மணித்தியாலத்தில் பெட்டி காலி. திரும்பி வந்து அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் "ம்" என்றார். அதற்கடுத்த வாரம் நாங்கள் கேட்காமலே இரண்டு பெட்டி காரில் ஏறியது. அதற்கும் அடுத்த வாரம் மூன்று. மூன்றாவது பெட்டியில் மிளகாய் குறைவு என்று அத்தானே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். எனக்கு அப்போது இது எதுவும் உறைக்கவில்லை. ரோல்ஸ் தின்பதில் கவனமாக இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாயன்று கிழவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மகன் ஆஸ்திரேலியாவில் கம்பியூட்டர் வேலை. மகள் பல் வைத்தியர், ஆட்டின் பல்லைப் பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை. ஒரு கம்பனி அந்த இடத்தைக் கேட்கிறது. கொட்டிலை இடித்துப் பொதிகள் அடுக்கும் பெரிய கூடம் கட்டப்போகிறது.

"அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் கிழவர். "ஆனால் இதை நடத்துகிற ஒருவர் வாங்கினால் குறைத்துத் தருவேன். நீங்கள் வாங்கினால் முதல் வருடம் கூடவே நின்று எல்லாம் காட்டித் தருவேன். ஆனி நடுப்பகுதிவரை பொறுப்பேன்."

அக்கா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். மறுபடியும் எடுத்தார். பிறகும் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் லண்டனை நெருங்கும்போது அக்கா திடீரென்று தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். மன்னார்ப் பக்கத்தில் ஏதோ ஒரு சங்கம் பழைய வள்ளம் ஒன்றை ஏலம் விட்டிருக்கிறது. தகப்பன் மாற்றான் வள்ளத்தில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர். அங்கே இங்கே கேட்டுக் காசைப் புரட்டி, மடியில் கட்டிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றிருக்கிறார்.

"அப்பா சரியான கூச்சக்காரன், தம்பி. நாலு பேருக்கு முன்னால கை தூக்கிறதுக்கு அவருக்கு நேரம் எடுக்கும். கை அரைவாசி எழும்பினதை நான் பாத்தனான். அதுக்குள்ள அந்தாள் மூண்டுதரம் எண்டு சொல்லிப் போட்டான். அண்டைக்கு அவன் ஒரு மூச்சு விட்டிருந்தா எங்களுக்கு ஒரு வள்ளம்."

நான் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியதை அக்கா கண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கொட்டிலை வாங்குவதென்றால் நோர்பரிக் கடையையும் மேல்வீட்டையும் விற்க வேண்டும். விற்றாலும் வங்கியில் கடனுக்குத் தலை கொடுக்க வேண்டும். இருபது வருட உழைப்பு. அக்காவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஆகவே அவர் எல்லோரிடமும் கேட்டார். ரொறன்ரோவில் இருந்த தங்கச்சி, "அக்கா, உனக்கு விசரே? எங்கட சனம் பெற்றோல் செட் எடுக்கும், சுப்பர்மார்க்கெட் எடுக்கும். ஆர் ஆட்டுப் புழுக்கை எடுக்கிறது?" என்று ஃபோனிலேயே அழுதாராம். பங்கில் பெற்றோல் செட் வைத்திருந்த அண்ணை ஒருவர், அந்தக் காசுக்கு இரண்டு செட் எடுக்கலாம் என்று விளக்கினார். ஃபாதர் செபிப்பதாகச் சொன்னார். என்னிடம் கேட்டார். வாங்குங்கோ என்றேன். உமக்குச் செவ்வாய்க்கிழமை வீட்டில இருக்க அலுப்பு, அதுதான் சொல்லுறீர் என்றார். அதுவும் உண்மைதான்.

அத்தானிடமும் கேட்டார். நான் கடையில் நின்றபோதுதான். அத்தான் தொடை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கொட்டிலை எடுப்பமோ?"

"உம்மட விருப்பம்."

"உங்கட விருப்பத்தையெல்லோ கேக்கிறன்."

அத்தான் கத்தியைத் துடைத்தார். வாயைத் திறப்பார் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் வந்து இரண்டு கிலோ, எலும்போடு என்றார். அத்தான் வெட்டத் தொடங்கிவிட்டார். அக்கா வெறும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுசன் ஓம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, நான் தனியாக அவ்வளவு பெரிய கொட்டிலுக்குள் போய் நின்று என்ன செய்வது என்று அன்று பின்னேரம் என்னிடம் குறைப்பட்டார்.

மனிதரிடம் கேட்டு முடிந்ததால் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தார். வாங்கு என்று ஒரு சீட்டு, வேண்டாம் என்று ஒரு சீட்டு. எழுதியது நான். தன்னுடைய எழுத்தென்றால் அந்தோனியார் கண்டுபிடித்துத் தன் விருப்பத்துக்குச் சாய்ந்துவிடுவார் என்று அக்காவுக்குப் பயம். உங்கட விருப்பம் என்ன என்று கேட்டேன். அது தெரிந்தால் ஏன் சீட்டு என்று ஏசினார். மெழுகுதிரி கொளுத்தி, அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் சுருட்டிய சீட்டுகளை வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வாங்கு என்று வந்தது.

அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தோனியார் துலைஞ்ச சாமான் தேடிறதுக்குத்தான் கெட்டிக்காரர். காணி பூமி விசயம் சூசையப்பரிட்டயும் ஒருக்காக் கேப்பம்."

சூசையப்பர் வேண்டாம் என்றார்.

"இப்ப ஒண்டுக்கொண்டு. மாதாவிட்டக் கேட்டா முடிஞ்சிடும்" என்றேன் நான்.

அக்கா மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சீட்டுகளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அவவைக் கரைச்சல் படுத்தக்கூடாது" என்றார். ரெண்டு தரத்தோடு நின்றாயிற்று. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிழவர், வாங்குவதானால் கூறிப் பழக வேண்டும், கடைசி மூன்று பட்டியையும் நீங்களே விற்றுப் பாருங்கள் என்று அக்காவை மேடையில் ஏற்றிவிட்டார். தடியையும் கையில் கொடுத்தார். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். சேலைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ். முதல் பட்டி ஆடுகள் வட்டத்துக்குள் வந்தன. விலை ஓடியது. எழுபதில் நின்றது.

"வண் டைம்" என்றார் அக்கா. "டூ டைம்."

பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொட்டிலுக்குள் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. அக்கா வாங்கு வாங்காக முகங்களைப் பார்த்தார். ஓர் ஆடு கத்தியது. யாரோ இருமினார். "வெயிற். சம்படி'ஸ் ஹாண்ட் இஸ் கமிங்" என்றார் அக்கா, நல்ல நம்பிக்கையோடு. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு மெலிந்த மனிதர், அதுவரை அங்கே ஒன்றும் வாங்கி நான் கண்டதில்லை, மெதுவாகக் கையைத் தூக்கினார். அக்கா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். எண்பத்தொன்றுக்குப் போனது.

மூன்று பட்டி விற்க ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தார். லொறிக்காரர்கள் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கிழவர் கடைசியில் என்னிடம் வந்து, "விலை நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு போய்விட்டது" என்றார். பிறகு, "சாப்பாட்டுக்குத்தான் உங்கள் ரோல்ஸ் இருக்கிறதே" என்றார். அன்றைக்கு நான்கு பெட்டி வந்திருந்தது.

இவ்வளவு நடந்தும் அக்கா முடிவு சொல்லவில்லை. அந்தோனியார் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்கள், கிழவர் கம்பனிக்குப் பதில் சொல்லும் நாள். அக்கா அவரைத் திருநாளுக்கு அழைத்திருந்தார். அவர் ட்வீட் கோட்டோடு வந்து, முழுப்பூசையும் விளங்காமல் மரியாதையாக முழங்காலில் நின்றார். ஆளுக்கு ஆள் தங்களுடையது ஏதாவது கொண்டுவந்து கொடுப்பது எங்கள் வழக்கம் என்று நான் காரில் வரும்போது சொல்லியிருந்தேன். மண்டபத்துக்கு வந்ததும் தன் வளைந்த தடியை எடுத்து மேசையில், பூசணிக்காய்க்கும் கேக்குக்கும் நடுவில் வைத்தார்.

அக்கா திகைத்துப்போனார். "சேர், திஸ் இஸ் யுவர் ஸ்ரிக்" என்றார்.

"நீங்கள் கொட்டிலை வாங்கினால் இது உங்களுக்குத் தேவைப்படும்" என்றார் கிழவர். "வாங்காவிட்டால் எனக்கும் இனித் தேவையில்லை. எப்படிப் பார்த்தாலும் விற்கலாம்."

அக்கா அதை மேசையின் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்தார். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. ஐந்து மணிக்குமேல் ஒரு பூசணிக்காயும் தடியும் மிஞ்சின. அக்கா பூசணிக்காயை எடுத்தார். முன்வரிசையில் பெற்றோல் செட் அண்ணை, "தடியைக் கூறுங்கோ அக்கா, தடியை" என்றார். மண்டபமே தடி, தடி என்றது.

அக்கா தடியைத் தூக்கிக்காட்டினார். ஐந்து பவுணில் தொடங்கியது. பெற்றோல் செட் அண்ணைக்கு அதைக் கடைச் சுவரில் மாட்ட ஆசை. இன்னொரு அண்ணைக்கு, அவருக்கு அது கிடைக்கக்கூடாது என்ற ஆசை. இருபது, ஐம்பது, எண்பது என்று ஏறிப்போய், நூற்றிருபதில் பெற்றோல் செட் அண்ணையிடம் நின்றது. மற்றவர் கையை விரித்துவிட்டார்.

"ஒருதரம்" என்றார் அக்கா. வழமையான குரல் இல்லை. "ரெண்டுதரம்."

நின்றார். முகங்களைப் பார்த்தார். கதவோரத்தைப் பார்த்தார். மூண்டு, மூண்டு என்று முன்வரிசை கத்தியது. பொறுங்கோ என்று தொடங்கினார். ஆருக்கோ கை தூக்க மனம் வருது என்பதை அன்றைக்கு அவரால் சொல்ல முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவ்வளவு நேரம் அக்கா நின்று நாங்கள் கண்டதில்லை.

குசினிக் கதவு திறந்தது. அத்தான் வந்து நின்றார். காலையிலிருந்து உள்ளே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர். ஏப்ரன் முழுக்கக் கோதுமை மா, கையில் எண்ணெய் வடியும் கண்கரண்டி. அவருடைய கை கரண்டியோடு எழும்பியது. அரைவாசியில் நின்றது. அத்தானின் காது சிவந்திருந்தது. இருநூறு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மூச்சு விடவில்லை.

கை முழுக்க உயர்ந்தது.

"நூற்றி இருபத்தொண்டு" என்றார் அத்தான்.

"மூண்டுதரம்!" என்றார் அக்கா. தடியால் மேசையில் அடித்த அடியில் பூசணிக்காய் உருண்டது. ஒருதரமும் இல்லை, ரெண்டுதரமும் இல்லை, நேரே மூண்டு.

பெற்றோல் செட் அண்ணை கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "அக்கா, இது அநியாயம்! நான் இன்னும் கேக்கப்போறன். நூற்றைம்பது கேக்கிறன்!"

"குடுத்தாச்சு, தம்பி" என்றார் அக்கா. சிரிப்பும் அழுகையுமாக மூக்கைத் தலைப்பால் துடைத்தார். "முடிஞ்சுது. இனிக் கேக்கேலாது."

அத்தான் அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ரோல்ஸ் கருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன நடந்தது, தடி யாருக்குப் போனது என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"உங்கள் கொட்டில் விற்றுப்போச்சு" என்றேன்.

அவர் குசினிக் கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மிளகாய் குறைந்த ரோல்ஸ் அவரா செய்வது என்று மட்டும் கேட்டார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, உருண்ட பூசணிக்காயைப் பிடித்து நிமிர்த்தினார். ஐந்து பவுணில் தொடங்கியது, ஒன்பதில் நின்றது. ஒருதரம் என்றார். ரெண்டுதரம் என்றார். பிறகு நின்று, மண்டபத்தை ஒரு மூலையிலிருந்து பார்க்கத் தொடங்கினார். ஆறு மணி தாண்டியது, சோறு ஆறியது. ஒருவரும் முறுமுறுக்கவில்லை.